இரண்டாம் நாற்காலி

பேக்கன்ஹாமில் ஒரு கராஜுக்கு முன்னால்
எண்பது டொலரை எண்ணி வைத்தேன்.
மூன்று ரவுட்டர், இரண்டு சுவிட்ச்,
நீலக் கேபிள் ஒரு வாளி.
வாளியும் உனக்குத்தான் என்றார் அந்த மனிதர்.
பழைய சாமான், விமானம்போல் இரையும் என்றும் சொன்னார்.
கோழித் தொழிற்சாலையில் ஆறு வருடம் நின்றவளுக்கு
இரைச்சல் ஒரு குறையென்று தோன்றவில்லை.
தோன்றியிருந்தால் பத்து டொலர் குறைத்திருக்கலாம்.

நோபிள் பார்க்கில் நாலு பேர் வாடகை பிரிக்கும் வீடு.
என் பங்கில் மேசைக்கு இடமில்லை.
சலவை அறையில், வொஷிங் மெஷினின் தலைமேல்
பலகை போட்டு அடுக்கினேன்.
துணி சுழலும்போது முழு நெட்வேர்க்கும் நடுங்கும்.
இரவு வேலை முடித்துப் பகலில் படுக்கும் கௌசிகா
கதவைத் தட்டினாள்:
"அக்கா, உங்கட பிளேன் இன்னும் இறங்கேல்லையோ?"

சுவிட்சைப் போட்டதும் திரையில் முதல் வரி:
அனுமதியின்றி நுழைவோர்மீது நடவடிக்கை எடுக்கப்படும்.
பழகிய வரவேற்புத்தான்.
பாஸ்வேர்ட் கேட்டது.
அணைத்து, மறுபடி போட்டு,
சரியான நொடியில் பொத்தானை அழுத்திப் பிடித்துப்
பின்கதவால் உள்ளே போனேன்.
ஒரு பல்வைத்தியரின் கிளினிக்.
ஒவ்வொரு துளைக்கும் யாரோ பொறுமையாகப் பெயர் எழுதியிருந்தார்:
வரவேற்பு. எக்ஸ்ரே. முதலாம் நாற்காலி.
இரண்டாம் நாற்காலி.
என் நாக்கு தானாகவே போய்
இடப்பக்கக் கடைவாயைத் தடவிப் பார்த்தது.
எல்லாவற்றையும் அழித்தேன்.
இரண்டாம் நாற்காலியை மட்டும்
அதே துளையில் திரும்ப எழுதினேன்.

ரவுட்டர்களுக்கு ரயில் நிலையப் பெயர்கள்:
ஸ்பிரிங்வேல், சாண்டவுன், யாராமன்.
யாராமனிலிருந்து ஸ்பிரிங்வேலுக்கு
ரயிலில் பத்து நிமிடம்,
கேபிளில் ஒரு மில்லி செக்கன்.
ஆனால் வியாழன் தொடங்கி ஞாயிறு வரை
ஒரு பக்கெட்டும் போய்ச் சேரவில்லை.
கேபிளை மாற்றினேன். முகவரிகளை விரல்விட்டு எண்ணினேன்.
மறிக்கவேண்டியது ஒரே ஒருவரை.
அந்த ஒருவரைத்தான் பட்டியலில் எழுதினேன்.
எல்லோரும் மறிபட்டு நின்றார்கள்.

புத்தகத்தில், இருநூற்றுப் பதினெட்டாம் பக்கத்தின் மூலையில்:
ஒவ்வொரு பட்டியலின் அடியிலும்
எழுதப்படாத ஒரு வரி உண்டு.
திரையில் தெரியாது. கேட்டாலும் காட்டாது.
மேலே அனுமதிக்கப்படாத எவரையும் மறி.

புத்தகத்தைக் கவிழ்த்துவைத்தேன்.
ஒவ்வொரு முறையும் ஆறு மாதம் நீளும் என் விசா
கைபேசிக்குள் கிடக்கிறது.
இந்தப் பக்கத்துக்காக
நான் புத்தகம் வாங்கியிருக்கத் தேவையில்லை.

பிறகு, பட்டியலின் கடைசியில் நானே எழுதினேன்:
எவரும், எங்கிருந்தும், எங்கேயும் போகலாம்.
சலவை அறைக்குள், ஐந்து பெட்டிகளுக்கு மட்டும்
செல்லுபடியாகும் சட்டம்.

ஐந்து அனுப்பினேன்.
ஒரு புள்ளி விழுந்தது. பிறகு வரிசையாக நாலு ஆச்சரியக்குறி.
முதலாவது தொலையும், அது பிழையில்லை.
இந்த முகவரி யாருடையதென்று விசாரித்து முடிப்பதற்குள்
அதற்குக் கொடுத்த நேரம் தீர்ந்துவிடும்.
பின்னால் வருகிறவைக்கு வழி தெரிந்திருக்கும்.
எண்பது வீதம் வெற்றி என்றது திரை.
கௌசிகாவை எழுப்பிக் காட்டினேன்.
அவள் புள்ளியைத்தான் பார்த்தாள்.
"அப்ப இது எங்க போச்சுது?"

பரீட்சை இருபத்துமூன்றாம் திகதி.
அடையாள அட்டை இரண்டு கொண்டுவரச் சொல்கிறார்கள்.
ஒன்று இருக்கிறது.

இரண்டாம் நாற்காலியில் லப்டொப்பைச் செருகுகிறேன்.
உடனே விடாது.
முப்பது செக்கன் செம்மஞ்சளாய் நின்று யோசிக்கும்.
அதற்குள் மெஷின் நின்றுவிட்டது,
ஈரத் துணியை எடுக்கவேண்டும்.